பீலியில் உயர்ந்த கை, மலையில் உயராத கை

ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது. தலையில் ஒரு நரை இல்லை. மூத்தவளுக்கு இன்னும் பால்பல் விழவில்லை, இளையவன் தொட்டிலில் கிடக்கிறான். இருந்தாலும் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தாயிற்று. இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஓட இனி முடியாது. வேலையை விட்டவள் விட்டவள்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

இந்த ஆண்டு தோட்டங்களுக்குத் தாதிகளாகப் போகப்போகும் தங்கைமாரே, மருந்து கலப்பது, கட்டுப் போடுவது, பிரசவம் பார்ப்பது எல்லாவற்றையும் உங்களுக்கு ஆஸ்பத்திரியில் படிப்பித்திருப்பார்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒரு பெண்ணின் முதுகைப் பற்றியும், அந்த முதுகை நம்பி நான் பேசிய சில நிமிடங்களைப் பற்றியும்தான் சொல்லப்போகிறேன். எழுதும்போதே பேனா நின்று நின்று போகிறது. உள்ளதைத்தான் எழுதுகிறேனா, என்னைப் பெரியவளாகக் காட்டிக்கொள்கிறேனா என்று சந்தேகம். என் கணவர் வாசித்துப் பார்த்துவிட்டு, "பெருமைப்பட ஒரு காரியம் இருக்குன்னா பட்டுட்டுப் போயேன், யாரு கேக்கப்போறா?" என்றார். ஆகவே கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன்.

கண்டியில் பயிற்சி எடுத்த காலத்தில் சில வாரங்கள் என்னை உடற்பயிற்சிச் சிகிச்சைப் பகுதியில் போட்டிருந்தார்கள். அங்கிருந்த மூத்த தாதிக்கு ஒரு பிடிவாதம். கை தூக்க முடியவில்லை என்று யார் வந்தாலும் அந்த நோயாளிக்கு முன்னால் நிற்கக் கூடாது, பின்னால்தான் நிற்க வேண்டும். நாங்கள் மறந்துபோய் முன்னால் நின்றால் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்ப் பின்னால் நிறுத்துவார். ஏன் என்று அவர் சொன்னதில்லை. தன் கையை எடுத்து நோயாளியின் முதுகில் வைப்பார், பிறகு எங்கள் கையை வைக்கச் சொல்வார், அவ்வளவுதான்.

நீங்களும் இப்போதே ஒருத்தியின் பின்னால் நின்று, அவளுடைய தோள்பட்டை எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அவள் கையை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கட்டும். முதலில் கை மட்டும் எழும்பும். பிறகு உங்கள் உள்ளங்கைக்குக் கீழே அந்தத் தட்டையான எலும்பு விலாவைச் சுற்றி வழுக்கிக்கொண்டு அக்குள் பக்கமாகத் திரும்பும், கொஞ்சம் பின்னாலும் சாயும். அது திரும்பினால்தான் கை உச்சிக்குப் போகும், திரும்பாவிட்டால் பாதியில் நிற்கும். நான் பயிற்சியில் கற்றது இவ்வளவுதான். அந்த எலும்பு ஏன் சிலருக்குத் திரும்புவதில்லை என்பதை என் சொந்தத் தோள்தான் எனக்குச் சொன்னது.

மூத்தவள் பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய புதிதில், பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மழையும் வெயிலும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பிள்ளைத் துணி காய்வதே பெரிய பாடு. பிள்ளை பால் குடிக்கிறாளா, மூச்சு விடுகிறாளா என்று குனிந்து பார்த்துப் பார்த்தே நாளெல்லாம் கூனிக்கொண்டிருப்பேன். ஒருநாள் துணியைக் கொடியில் போடப்போனால் இடது கை காதுக்கு மேலே போகவில்லை. தோள் நுனியில் சுரீர் என்று ஒரு பிடிப்பு. பயந்துபோனேன். வாதமோ, நரம்போ, பிள்ளையைத் தூக்கும்போது கை விட்டுவிடுமோ என்று என்னென்னவோ தோன்றியது.

அப்போது ஒரு தூறல் விழுந்தது. மழை பிடித்துக்கொள்ளுமோ என்று அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். பார்த்தபடியே துணியை வீசினேன். கை போய்விட்டது! கொடியைத் தாண்டியே போய்விட்டது. குனிந்துகொண்டு தூக்கிப் பார்த்தேன், நின்றது. நிமிர்ந்து தூக்கினேன், போனது.

கணவரைக் கூப்பிட்டு என் தோள்பட்டை எலும்பின் மேல் கை வைக்கச் சொன்னேன்.

"நான் கணக்கு வாத்தியாரு, எலும்பு வாத்தியாரு இல்ல" என்றார்.

"வையுங்க. ஓடுதா பாருங்க."

"குனிஞ்சா ஓட மாட்டேங்குது. நிமிர்ந்தா ஓடுது. எலி மாதிரி."

அடுத்து, பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி நேரத்தில் சொல்லித்தந்தது போல நெஞ்சை முன்னே தள்ளி, இரண்டு தோளையும் பின்னால் இறுக்கி இழுத்துக்கொண்டு தூக்கினேன். கை மறுபடியும் நின்றுவிட்டது. கூனினால் பட்டை முன்னால் கவிழ்ந்துபோய்ச் சிக்குகிறது. விறைத்தால் இழுத்த இடத்திலேயே பூட்டிக்கொள்கிறது. நடு முதுகு தானாக நிமிர வேண்டும், பட்டை கட்டுப்படாமல் ஓட வேண்டும். இது எனக்கு மட்டும்தானா, எல்லாருக்குமா என்ற சந்தேகத்தில், பிள்ளையைப் பார்க்க வந்த பெண்களையெல்லாம் கை தூக்கச் சொல்லிப் பார்த்தேன். தாதி மிஸ்ஸிக்குப் பிள்ளை பெற்றதில் ஏதோ ஆகிவிட்டது என்று லயத்தில் பேசிக்கொண்டார்களாம்.

இனி முத்தாயி. எங்கள் தோட்டத்தில் வேகமாகக் கொழுந்து பறிப்பவர்களில் ஒருத்தி. கணவன் இறந்தபின் அவளுடைய வேலையின் பேரில்தான் லயத்தில் அந்த ஒற்றை அறைக் காம்பரா அவளிடம் இருந்தது. அதில் அவளும் இரண்டு பிள்ளைகளும். சில மாதங்களாக அவளுடைய இடது கை கொழுந்து மலையில் மேலே ஏறவில்லை. கொழுந்து பறிப்பவர்கள் இரண்டு கையாலும் பறித்து, பிடி நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலால் முதுகுக் கூடைக்குள் எறிவார்கள். முத்தாயி இடது கையால் எறிந்த கொழுந்தில் பாதி தரையில் விழுந்தது. வேலையைப் பார்க்கும் கங்காணி கத்தினார். டிஸ்பென்சரியில் தைலம் கொடுத்தோம். ஓய்வு எழுதினோம். ஓய்வில் கொஞ்சம் சுகம், மலைக்குப் போனால் பழையபடி. இப்படியே போனது.

வெயில் காலத்தில் எங்கள் குவாட்டர்ஸ் குழாயில் தண்ணீர் நின்றுபோக, பிள்ளைத் துணியோடு நானும் பீலிக்குப் போனேன். மலையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும் அந்த இடத்தில்தான் லயத்துப் பெண்கள் குளிப்பது, துவைப்பது, ஊர்க்கதை பேசுவது எல்லாம். முத்தாயி மாராப்புச் சேலையோடு குளித்துக்கொண்டிருந்தாள். வாளியில் மொண்ட தண்ணீரை இடது கையால் தூக்கி, முகத்தை அண்ணாந்து, தலையில் ஊற்றிக்கொண்டாள்.

பக்கத்தில் துணி கும்மிக்கொண்டிருந்த லெச்சுமிதான் முதலில் பார்த்தாள். முத்தாயியோடு ஒரே நிரையில் கொழுந்து பறிப்பவள், வாயாடி.

"அடியே, கையி ஏலலன்னு தைலமா வாங்கிப் பூசுற. இங்கன என்னா, ஆனை தும்பிக்கையத் தூக்குற மாதிரி தூக்குற?"

"எனக்கே வெளங்கலடி. தண்ணி ஊத்தும்போது அம்புட்டு வலிக்கல. கூடையக் கட்டிட்டு மலையில ஏறுனா யாரோ கையப் புடிச்சிக்கிட்ட மாதிரி நிக்கிது."

"ஒம் புருசன் ஆவியா வந்து புடிக்கிறாரோ என்னமோ. போதும் புள்ள, வீட்டுக்கு வான்னு!"

எல்லாரும் சிரித்தார்கள். கங்காணியின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பானையைத் தேய்த்துக்கொண்டே முத்தாயியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஈரத்தையும் பாராமல் முத்தாயிக்குப் பின்னால் போய் நின்றேன். இத்தனை மாதத்தில் அவளுடைய முதுகை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. டிஸ்பென்சரிக்கு வரும்போதெல்லாம் மலையிலிருந்து அப்படியே படங்கோடு வருவாள். படங்கு என்பது செடி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பில் சுற்றிக் கயிற்றால் கட்டும் தடித்த சாக்கு. பெஞ்சில் உட்கார வைத்து, முன்னால் நின்று, தோளைத் தொட்டுப் பார்ப்போம். பின்னால் நில் என்று என்னைத் தள்ளிவிட அங்கே யாரும் இல்லை.

"முத்தாயி, படங்க எடுத்துக் கட்டுங்க பாப்போம்."

"குளிச்ச ஈரத்தோடயாங்க மிஸ்ஸி?"

கட்டினாள். இடுப்பில் கட்டவில்லை. மார்புக்குக் கீழே, விலா எலும்பின் மேல் ஏற்றி, மூச்சை இழுத்துக்கொண்டு இறுக்கிக் கட்டினாள். அவளுடைய சின்னவன் பிறந்ததிலிருந்து இடுப்பு வலியாம். பிள்ளை பெற்ற வயிற்றுக்குத் துணி கட்டுவதுபோல் படங்கை ஏற்றிக் கட்டினால் முதுகுக்குத் தெம்பாக இருக்கிறதாம். அவள் மட்டும் இல்லை, பிள்ளை பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கட்டுகிறார்களாம். "கையத் தூக்குங்க" என்றேன். அது கன்னத்தோடு நின்றது. கயிறு நடு முதுகைப் பூட்டியிருந்தது. அதற்கு மேல், உச்சியில் மாட்டும் கூடைக் கயிறு தலையை முன்னே இழுத்தால் அந்த முதுகு எங்கே நிமிரும்? முதுகு நிமிராமல் பட்டை எப்படித் திரும்பும்?

ஓடிப்போய் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு படங்குக் கயிறா ஒருத்தியின் கையைக் கட்டிப்போடும்? கேட்டால் சிரிக்க மாட்டார்களா? இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் பெரிய டாக்டர் தோட்டத்துக்கு வரும் நாள்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டிக்காரர், கோபக்காரர், எப்போதும் அடுத்த தோட்டத்துக்கு நேரமாகிவிட்டவர். அன்று அவருக்கு முன்பே மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முத்தாயியையும் மலையிலிருந்து கூப்பிட்டு வரச் செய்திருந்தார். கொழுந்து நிறுக்கும் நேரம் என்பதால் பெண்கள் கூட்டம் வெளியே ஜன்னலை மொய்த்துக்கொண்டு நின்றது. லெச்சுமியின் தலை எல்லாருக்கும் மேலே தெரிந்தது.

"டாக்டரையா, இவளுக்கு ரெண்டு எடது கையி இருக்குங்க" என்றார் கண்டாக்கையா. "ஒன்னு பீலிக் கையி, அது வானத்தத் தொடும். இன்னொன்னு மலைக் கையி, அது மொகத்தத் தாண்டாது."

"நீர் கண்டனீரோ?"

"பொம்பளைங்க குளிக்கிற எடத்துக்கு நான் ஏங்க போறேன்? கங்காணி பொஞ்சாதி கண்ணால பாத்துருக்கு. நடிப்புங்க. இவளப் பாத்து நாளைக்கி நாலு பேரு கைய மடக்கிக்கிட்டு வருவாளுங்க. நோய் இல்லன்னு நீங்க ஒரு வார்த்த எழுதிட்டீங்கன்னா பத்துச்சீட்டக் குடுத்து அனுப்பிரலாம்."

பத்துச்சீட்டு என்றால் வேலைப் பதிவிலிருந்து பெயர் வெட்டு. பெயர் போனால் காம்பராவும் போகும். முத்தாயிக்கு அது தெரியும். படங்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார். "கையைத் தூக்கும் பாப்பம்."

கை கன்னத்தோடு நின்றது.

"பீலியிலை தூக்கினனீரோ?"

அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்று தலையாட்டியிருந்தால் ஒரு பெண்பிள்ளைப் பேச்சுக்கு எதிராக இன்னொரு பேச்சு, அவ்வளவுதான். முத்தாயி, "தூக்குனேங்க சாமி" என்றாள்.

கண்டாக்கையா தொடையில் தட்டினார். "கேட்டீங்களாங்க?"

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

தங்கைமாரே, அந்த நேரத்தில் என்ன யோசித்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். படங்கை அவிழ்த்தால் முத்தாயியின் கை இன்னும் உயரும், அது எனக்குத் தெரியும். ஆனால் இப்போது அவிழ்த்து அவளுடைய கையை உயர்த்திக் காட்டினால் என்ன ஆகும்? "பாத்தீங்களா, ஏலுது!" என்பார்கள். அவளைக் காப்பாற்ற வேண்டிய அதே உண்மை அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும். முதலில் தூக்குவது அவளுடைய கையாக இருக்கக் கூடாது. நடிக்கிறார் என்று யாருமே சொல்ல முடியாத ஒருவருடைய கை வேண்டும்.

கண்டாக்கையாவைப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து மலை ஏறி இறங்கிய களைப்பில், முதுகை வளைத்து, தலையை முன்னே நீட்டி, நாற்காலியில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நிமிஷங்க ஐயா" என்றேன். டாக்டர் நிமிர்ந்தார்.

போய் ஜன்னலை அடைத்தேன், கதவையும் சாத்தினேன். வெளியே, "ஏய் என்னாடி!" என்று லெச்சுமி கத்துவது கேட்டது. இதை நான் இன்றைக்கும் சரியென்றே நினைக்கிறேன். அத்தனை பெண்கள் சிரித்திருந்தால் கண்டாக்கையா தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்த்திருப்பார், தன் தோளில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார். அவரைத் தோற்கடித்து எனக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. அவரும் நானும் சேர்ந்து பார்க்க வேண்டிய ஒரு விஷயம் இருந்தது.

"கண்டாக்கையா, நீங்க ஒரு ஒதவி செய்யணும். இப்ப இருக்கிற மாதிரியே இருங்க, அசையாதீங்க. எடது கைய நேரா மேல தூக்குங்க."

"நானா? எனக்கு என்னா நோவு?"

"ஒன்னும் இல்ல. அதுனாலதான் ஒங்களக் கேக்குறேன்."

தூக்கினார். கை காதுக்கு முன்னாலேயே நின்றது. முக்கினார். போகவில்லை.

"இப்ப நாற்காலி நுனிக்கு வந்து, உச்சந்தலையிலருந்து ஒரு நூலு மேல இழுக்கிற மாதிரி நிமிர்ந்து ஒக்காருங்க. நெஞ்சத் தள்ளாதீங்க. ஆ, அப்படித்தான். இப்பத் தூக்குங்க."

கை நேராக மேலே போய்விட்டது. அவர் தன் கையையே அண்ணாந்து பார்த்தார்.

"அட!"

டாக்டர் பேனாவை மூடினார். எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றார். "இன்னொருக்கால் கூனும். தூக்கும். ம். நிமிரும். தூக்கும்." சட்டையின் மேலாகப் பட்டையில் கை வைத்துப் பார்த்தார். பிறகு அவருடைய முகத்தில் ஒரு குறும்பு வந்தது. "பிள்ளை, அந்தப் படங்கையும் இவருக்கு ஒருக்கால் கட்டிப் பாரும்."

"ஐயோ டாக்டரையா!" கண்டாக்கையா அடைத்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அது நன்றாக அடைத்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டபின், "சீக்கிரங்க" என்றார்.

முத்தாயி படங்கை அவிழ்த்துக் கொடுத்தாள். நான் அதை அவருக்கு, முத்தாயி கட்டுவது போலவே, விலாவின் மேல் ஏற்றி இறுக்கிக் கட்டினேன். "இப்ப நிமிருங்க. தூக்குங்க." நிமிரப் பார்த்தார், முடியவில்லை. கை பாதியில் நின்றது. முகம் சிவந்துபோய் அவர் கேட்ட கேள்வியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

"என்னாங்க மிஸ்ஸி இது? கைய எங்கங்க கட்டுனீங்க, வயித்தத்தானே கட்டுனீங்க?"

"அதேதாங்க ஐயா. முத்தாயி பீலியில படங்கு கட்டுறது இல்ல."

அதன் பிறகுதான் முத்தாயியைக் கூப்பிட்டேன். படங்கு இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்து கையைத் தூக்கினாள். முன்பைவிட நன்றாக உயர்ந்தது, ஆனால் காதைத் தாண்டியதும் நடுங்கியது. டாக்டரைப் பின்னால் வந்து பார்க்கச் சொன்னேன். பட்டையின் ஓரம் விலாவில் ஒட்டாமல், கழன்ற கதவு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. நான் என் கையால் அதை விலாவோடு அணைத்து, திரும்பவேண்டிய பக்கம் மெல்லத் தள்ளிக் கொடுத்தேன். கை உச்சிக்குப் போனது.

"வலிக்குதா?"

"இல்லீங்களே!" முத்தாயி அழுதுவிட்டாள்.

"இவ நடிக்கேல்லை" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "கட்டை அவிட்டு விட்டால் மட்டும் காணுமோ?"

"பத்தாதுங்க ஐயா. நடு முதுகு எறுகிக் கெடக்கு, அத இளக்கணும். பட்டையப் புடிக்கிற சதையில பெலம் இல்ல, அதுக்குப் பெலம் ஏத்தணும்."

"எவ்வளவு காலம்?"

எனக்குத் தெரியாது. கண்டியிலும் யாரும் சொல்லித்தரவில்லை. "அடுத்த தரம் நீங்க வர்ற வரைக்கும் குடுங்க" என்றேன்.

"சரிவராட்டில்?"

கண்டாக்கையாவும் படங்கை அவிழ்த்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். டாக்டர் தொப்பியை எடுத்தார். "அடுத்த தரம் இங்கை வைச்சுப் பாக்கமாட்டன். மலைக்கு வருவன். கூடையோடை பறிக்கட்டும். அப்ப முடிவு சொல்லுறன்."

முத்தாயியைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவுக்கு உதவியாகப் போட்டார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடம் அது. என் மகளும் அங்கேதான். தினமும் அவளுக்குப் பால் கொடுக்கப் போகும் நேரத்தில் முத்தாயிக்குப் பயிற்சி. சாக்கைச் சுருட்டித் தரையில் வைத்து, அது நடு முதுகுக்குக் கீழே வருமாறு மல்லாந்து படுக்கச் சொன்னேன். முதல் நாள் கல்லின் மேல் கிடப்பது போல இருக்கிறது என்றாள். போகப் போக முதுகு இளகியது. சுவருக்கு முகம் காட்டி நின்று, இரண்டு கையையும் சுவரோடு வழுக்கி மேலே கொண்டுபோகச் சொன்னேன். எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு போட்டாள்.

பெலம் ஏற்றும் வழியை எனக்குக் காட்டியவள் என் மகள். அப்போது தவழப் பழகிக்கொண்டிருந்தாள். கையைத் தரையில் ஊன்றி உடம்பைத் தள்ளும்போது அந்தச் சின்ன முதுகில் இரண்டு பட்டையும் விலாவோடு ஒட்டி மாறி மாறி ஓடின. முத்தாயியையும் தவழச் சொன்னேன். முதலில் கைகளை ஊன்றித் தரையைத் தள்ளிக்கொண்டு நிற்பது, பிறகு ஒரு கையை எடுத்து வைப்பது, பிறகு காம்பராவைச் சுற்றித் தவழ்வது. பிள்ளைகளெல்லாம் கூத்தாக எண்ணி அவளுக்குப் பின்னால் தவழ்ந்தன. என் மகள் அவள் முதுகில் ஏறியே விட்டாள். நான் விழப்போகிறாள் என்று பதற, முத்தாயி, "இருக்கட்டுங்க மிஸ்ஸி, கூடையவிட லேசுதான்" என்றாள்.

லெச்சுமி வாசலில் வந்து நின்று, "முத்தாயி, நாளைக்கிப் பாலு குடிக்கவும் வந்துருவியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

நடுவில் ஒரு வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. சீக்கிரம் சரியாக வேண்டும் என்ற ஆவலில் முத்தாயி வீட்டில் தண்ணீர் வாளியைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கிப் பழகியிருக்கிறாள். தோள் வீங்கிவிட்டது. கரிக்கோடு கீழே இறங்கியது. நான் சொன்னதெல்லாம் பிழையோ, ஒரு குடும்பத்தின் கூரையை என் வாய்ச்சொல்லில் தொங்கவிட்டேனோ என்று மறுகினேன். விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தொட்டுப் பார்த்தபோது முதுகு பழைய இறுக்கத்துக்குத் திரும்பவில்லை, தோள்தான் களைத்திருந்தது. தூக்குவதை நிறுத்தினேன். சாக்கையும் தவழ்வதையும் நிறுத்தவில்லை. வீக்கம் வடிந்தது. கோடு திரும்ப ஏறியது.

டாக்டர் சொன்னபடி மலைக்கு வந்தார். பனிமூட்டம், தூறல், அவருடைய சப்பாத்து சேற்றில் வழுக்கியது. கண்டாக்கையா குடை பிடித்தார். முத்தாயி நிரையில் நின்றாள். படங்கு இடுப்பெலும்பின் மேல் இருந்தது, விலாவில் கயிறு இல்லை. கூடைக் கயிற்றுக்குக் கீழே துணியை மடித்து வைத்து, தலை முன்னே போகாதபடி கயிற்றின் நீளத்தைச் சரிசெய்திருந்தோம். பறிக்கத் தொடங்கினாள்.

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. அவளுடைய கூடைக்குக் கீழே தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். விழும் கொழுந்து அங்கேதான் விழும். இடது கை போனது, வந்தது. மறுபடி போனது. தரையில் சேறு மட்டும்தான் இருந்தது.

"மிஸ்ஸி, கீழ என்னா தேடுறீங்க?" என்றாள் லெச்சுமி. "மூக்குத்தி விழுந்துருச்சா?"

டாக்டர் நிரை முடியும்வரை நின்றார். அவளுக்குப் பின்னால்தான் நின்றார். போகும்போது, "பிள்ளை, மற்றத் தோட்டங்களிலையும் படங்கை எங்கை கட்டுகினம் எண்டு பாக்கவேணும்" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அவ்வளவுதான். எனக்கு அது இன்றுவரை போதுமாக இருக்கிறது.

அதற்கடுத்த வாரம் விடிகாலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கண்டாக்கையாவின் குரல் டிஸ்பென்சரிவரை கேட்டது. "ஏய், படங்க எறக்கிக் கட்டுங்க! வயித்தக் கட்டுனா கையி தூக்க ஏலாது, தெரியுமா? பட்ட எலும்பு ஓடணும்!" தானே கண்டுபிடித்தது போலச் சொன்னார். ஒரு வகையில் அவரும் கண்டுபிடித்தவர்தானே. நான் சொல்லியிருந்தால் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். அவர் சொன்னதால் மலையே கேட்டது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தோள் வலிக்கும் முதுகு காரணம் என்று கிளம்பிவிடாதீர்கள். முதுகு கூனலாகவே எலும்பு இறுகிப்போன வயதானவர்களை நான் நிமிர்த்தப் பார்க்கவில்லை. அவர்களுக்குக் கூடையையும் வேலையையும் மாற்றத்தான் கேட்டேன். விழுந்து அடிபட்ட தோளையும், இரவெல்லாம் குத்தும் தோளையும் டாக்டருக்கு அனுப்பினேன். ஆனால் கை உயரவில்லை என்று ஒருத்தி வந்தால், கட்டியிருப்பதை அவிழ்த்து, நிமிர வைத்து, பின்னால் போய் நில்லுங்கள். இன்னொரு இடத்தில் அதே கை உயர்ந்தது என்று யாராவது சொன்னால், அங்கே அவளுடைய முதுகு எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

நான் தோட்டத்தை விட்டு வந்த அன்று பஸ் நிறுத்தம்வரை பெண்கள் வந்தார்கள். இளையவன் என் தோளில். முத்தாயி மூத்தவளைத் தூக்கி வந்தாள். பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதும், "பஸ்ஸு வருது பாருங்க பாப்பா!" என்று அவளை இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தாள். கீழே பள்ளம், மேலே என் பிள்ளை. "பத்திரம், பத்திரம்!" என்று கத்தினேன். என் மகள் அந்த உயரத்தில் கைகொட்டிச் சிரித்தாளாம், கணவர் பிறகு சொன்னார். நான் அதைப் பார்க்கவில்லை. முத்தாயிக்குப் பின்னால் நின்று, அவளுடைய ரவிக்கைக்குக் கீழே இரண்டு பட்டையும் ஒன்றுபோல் திரும்பி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.